ஒரு கோட் அடித்தால் சரியாகிவிடும்

உலகத்தில் சுவர் என்று ஒன்று எழும்பிய அன்றே அதில் ஈரமும் ஏறியிருக்கும். ஈரம் ஏறிய மறுநாள் பூச்சுக்காரர் பிறந்திருப்பார். அவசரப்பட்டு, வாளியும் ஏணியுமாக வீடு வீடாகப் போய் வர்ணம் அடித்துப் பிழைக்கும் பெயின்டரை நினைத்துவிடாதீர்கள். அவர் பாவம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, காயவிட்டு, அதற்குப் பிறகே பிரஷைத் தொடுகிற நேர்மையான தொழிலாளி. இங்கே சொல்ல வந்த பூச்சுக்காரர் வேறு இனம். அவர் வீட்டுக்காரர். சொந்த வீட்டின் சொந்தச் சுவரில் சொந்தக் கையால் பூசுகிறவர். சுவருக்கு என்ன நோய் என்று பார்க்க அவருக்கு ஐந்து நிமிஷம் கிடைக்காது. அதன் முகத்தில் பவுடர் அப்ப ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிடைக்கும்.

இந்த இனத்தாரைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. அவர் வீட்டுக்குப் போங்கள். மூக்கைச் சற்றே சுளித்து, "ஏதோ வாடை வருதே" என்று சொல்லிப் பாருங்கள். சாதாரண மனிதராக இருந்தால், ஆமாம், கீழே ஓதம் ஏறுகிறது, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று அலுத்துக்கொள்வார். பூச்சுக்காரர் அப்படிச் சொல்வாரா? முதலில் உங்களையே மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஜன்னலைத் திறப்பார். பிறகு எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி, தெருமுனைச் சாக்கடை, பக்கத்து வீட்டு நாய், மழைக்காலம், உங்கள் செருப்பு என்று சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி, கடைசியில் வாடையே இல்லை, எல்லாம் உங்கள் மூக்கின் கோளாறு என்று தீர்ப்பளித்து, மூக்குக்கு நல்ல டாக்டர் ஒருவரின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்து அனுப்புவார். நீங்களும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருவீர்கள்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். சரிவான தெரு ஒன்றில் மேலிருந்து ஆறாவது வீடு அவருடையது. வீட்டுக்குக் கீழே, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு நிலவறை. கீழ் ரூம் என்பார்கள். அதன் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கணுக்கால்கள் தெரியும். வீட்டில் மூன்றே பேர்: அவர், அவர் மனைவி, பதினாறு வயது மகள். உத்தியோகம் என்ன என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். டப்பாத் தொழிற்சாலையில் கசிவு பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். மூடிய டப்பாவுக்குள் காற்றை ஏற்றி, மீட்டரில் முள் இறங்குகிறதா என்று பார்த்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்து, கடுகளவு குமிழ் கிளம்பினாலும் அந்த டப்பாவை மட்டுமல்ல, அதோடு பிறந்த ஐந்நூறு டப்பாக்களையும் திருப்பி அனுப்புகிற மகானுபாவர். "கசிவுன்னா கசிவுதான், சின்னக் கசிவுன்னு ஒண்ணு கிடையாது" என்று அங்கே வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே பாடம் நடத்துவார். இருபத்திரண்டு வருஷமாக அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு டப்பாகூட வாசலைத் தாண்டியதில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ரோஜா ஆசை வந்தது. பக்கவாட்டுச் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, செங்கல்லால் வரம்பு கட்டி, நீளமாக ஒரு பாத்தி போட்டார். கூரையிலிருந்து மழைத் தண்ணீரை இறக்கித் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோன குழாய் குறுக்கே நின்றது. அதை ரம்பத்தால் அறுத்து, வாயைப் பாத்தியின் பக்கம் திருப்பிவிட்டார். வானம் சும்மா கொடுக்கிற தண்ணீரைச் சாக்கடைக்குத் தானம் செய்ய நான் என்ன முட்டாளா என்று மனைவியிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்த அம்மாள் அன்று பதில் சொல்லவில்லை. ரோஜாக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்தன. தெருச் சங்கத்தார் "அழகிய முகப்பு" என்று எழுதிய கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். அது கூடத்து அலமாரியில் நடுத்தட்டில் உட்கார்ந்தது.

அந்த வருஷ மழையிலேயே கீழ் ரூம் சுவரில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை வந்தது. அதற்கு நேர் மேலே, சுவருக்கு அந்தப் பக்கம், பாத்தி. அவருக்குக் காரணம் தெரியவில்லை என்றா நினைக்கிறீர்கள்? கடுகளவு குமிழைப் பிடிக்கிற கண் அது. குனிந்து பார்த்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. அடுத்த நொடியே அதை மறந்துவிட்டார். தெரியாமல் இருப்பது யாருக்கும் முடியும்; தெரிந்ததை இவ்வளவு சுருக்காக மறப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கறைக்குக் காரணம் பாத்தி என்றால் பாத்திக்குக் காரணம் யார்? கேடயத்தை என்ன செய்வது? அதைவிட ஒரு டப்பா பெயின்ட் வாங்குவது எவ்வளவோ சுலபம் இல்லையா?

"ஒரு கோட் அடிச்சா சரியாயிடும்" என்றார்.

அடித்தார். சரியாகிவிட்டது, பதினெட்டு நாளைக்கு. பத்தொன்பதாம் நாள் அதே இடத்தில், அதே உருவத்தில், ஆனால் கொஞ்சம் சதை போட்டு, கறை திரும்பி வந்தது. சரக்கு மட்டம் என்று முடிவுகட்டி உயர்ந்த ரகம் வாங்கினார். அது ஒரு மாதம் தாங்கியது. பிறகு ஈரம் புகாத ரகம், பிறகு ஈரத்தையே விரட்டும் ரகம், பிறகு கப்பலுக்கு அடிப்பது என்று கடைக்காரர் சத்தியம் செய்த ரகம். பெயின்ட் கடைக்காரருக்கு அவர்மேல் அலாதிப் பிரியம். அவர் தலை தெருமுனையில் தெரியும்போதே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்கண்ணே, புதுசு ஒண்ணு வந்திருக்கு" என்று வரவேற்பார். இவரைப் போல நாலு பேர் இருந்தால் போதும், அவர் இரண்டாவது கடை திறந்துவிடலாம்.

பூச்சுக்குத் துணையாகத் தத்துவமும் வளர்ந்தது. முதல் வருஷம், புது வீடு என்றால் சுவருக்கு வியர்க்கும் என்றார். இரண்டாம் வருஷம், பழைய வீடு என்றால் சுவர் மூச்சு விடும் என்றார். வீடு என்னவோ ஒரே வீடுதான். அதன் வயதுதான் அவர் வசதிக்குத் தகுந்தபடி கூடிக் குறைந்தது. சுவரில் பச்சையாகப் பூஞ்சை பூத்தபோது, அது பாசி, நல்ல காற்று இருக்கும் இடத்தில்தான் வரும் என்றார். தோல் பெல்ட்டில் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்தபோது, இந்தக் காலத்துத் தோலே அப்படித்தான் என்றார். ஓர் இரும்புப் பெட்டி அடியோடு துருப்பிடித்து, தூக்கியபோது கைப்பிடி மட்டும் மேலே வந்தது. அவர் கைப்பிடியைப் பத்திரமாக எடுத்து வைத்தார்.

அவருடைய பென்சில் வேலையைச் சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் நிறைவு பெறாது. கறை பெரிதாகிறது என்று மனைவி சொன்னாள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது, எதையும் அளந்து சொல்ல வேண்டும் என்று அவர் கறையின் ஓரமாகவே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினார். தொழிற்சாலை முறை. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது கறை கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை நின்றது. என்ன செய்தார் என்கிறீர்கள்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரப்பரால் கோட்டை அழித்து, இரண்டு விரற்கடை தள்ளிப் புதிதாகக் கோடு போட்டு, அதே பழைய தேதியை எழுதினார். போன முறை வெளிச்சம் போதவில்லை, கோடு உள்ளே தள்ளி விழுந்துவிட்டது என்று தனக்குத்தானே விளக்கமும் சொல்லிக்கொண்டார். இதே காரியத்தைத் தொழிற்சாலையில் ஒருவன் செய்திருந்தால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

பிறகு கறை பென்சிலுக்கு அடங்காமல் போனது. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார். முழங்கால் உயரத்தில் காலண்டர் மாட்டிய வீட்டை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அங்கே தேதி பார்க்க வேண்டுமானால் மண்டியிட வேண்டும். காலண்டர் நனைந்து உப்பியதும் அதன் முன்னால் ஓர் அலமாரியை நகர்த்தினார். விருந்தாளிகள் கீழே வந்தால் அலமாரிக்குப் பக்கத்தில் முதுகளவு ஏறிவிட்ட கறைமேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, கை வீசி எதிர்ச்சுவரைக் காட்டிப் பேசுவார். அவர்கள் போன பிறகு அவர் சட்டை முதுகில் சுண்ணாம்பும் ஈரமுமாக ஒரு பெரிய வட்டம் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் தம் முதுகால் மறைத்தார்.

மனைவி பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள், அவர் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினாள். கொத்தனார் வந்து சேர்ந்த நேரம் அவரும் சீக்கிரமாக வீடு திரும்பிவிட்டார். கொத்தனார் கீழே போய்ச் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். வெளியே வந்து பாத்தியைப் பார்த்தார். அண்ணாந்து குழாயைப் பார்த்தார். அவ்வளவுதான், தேநீர்கூட இன்னும் ஆறவில்லை.

"சுவத்துல ஒண்ணும் இல்ல சார். இந்த மண்ணை எடுத்துட்டு பைப்பைப் பழையபடி வெளிய விடுங்க. தானா காஞ்சிரும்."

"அது சரி, உள்பக்கம் என்ன பூசலாம்?"

"ஒண்ணும் பூசாதீங்க."

"கெமிக்கல் ஏதாவது?"

"அதுவும் வேண்டாம் சார்."

"சரி, ஒண்ணும் பூசாம விடறதுக்கு முன்னாடி ஒரு கோட் பிரைமர் மட்டும் அடிச்சிடலாமா?"

கொத்தனார் அந்த அம்மாளைப் பார்த்தார். அம்மாள் கூரையைப் பார்த்தாள். கொத்தனார் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் தெருவைத் தாண்டும் வரை காத்திருந்து, அந்த ஆளுக்கு வேலை இல்லை, அதனால்தான் மண்ணைத் தோண்டச் சொல்கிறான் என்று பூச்சுக்காரர் விளக்கினார். வேலை இல்லாதவன் ஒன்றும் பூசாதே என்று ஏன் சொல்கிறான் என்று மனைவி கேட்டதற்கு, அதுதான் தந்திரம் என்றார். மேலே ரோஜா குளிக்கிறது, கீழே நாம் நனைகிறோம் என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பயன்?

இதுவரை இது சிரிக்கிற விஷயம். சுவர் அழுகினால் என்ன, பெல்ட்டில் மயிர் முளைத்தால் என்ன, நமக்கு ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. ஆனால் பூச்சுக்காரர்களுக்கு ஒரு கட்டம் வரும். அவர்கள் சொன்ன பொய்க்குச் சாட்சி தேவைப்படும். அந்தச் சாட்சியை அவர்கள் வெளியில் தேடமாட்டார்கள்.

மகளுக்கு அது பெரிய தேர்வு எழுதும் வருஷம். கூடத்தில் மேஜை போட்டுப் படித்துக்கொண்டிருந்தவள், தனியாக ஓர் அறை இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். மேலே தையல் மெஷின் இருக்கும் சின்ன அறையை ஒழித்துத் தருகிறேன் என்றாள் தாய். எதற்கு அந்தச் சிரமம், கீழ் ரூம் சும்மாதானே கிடக்கிறது என்றார் அவர்.

"அந்த ரூமா?" என்றாள் மனைவி.

"ஏன், அந்த ரூமுக்கு என்ன குறைச்சல்? நிஜமாவே ஈரம் இருந்தா என் பொண்ணை நானே அங்க படுக்க வைப்பேனா?"

கேட்டீர்களா வாதத்தை? மகள் அங்கே படுத்தால் ஈரம் இல்லை என்று ஆகிவிடும். ஈரம் இல்லை என்று ஆனால் பாத்தி சரி. பாத்தி சரி என்றால் அவர் சரி. ஒரு பெண்ணின் கட்டிலை எடுத்து இவ்வளவுக்கும் முட்டுக்கொடுத்துவிட்டார். அவர் மகளை வெறுக்கிறவர் இல்லை. அவளுக்காக உயிரையும் கொடுப்பார். தப்பு என் மேல்தான் என்ற ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்கமாட்டார்.

மகளே நிறம் தேர்ந்தெடுத்தாள். இளநீலம். அப்பாவும் மகளுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடித்தார்கள். அவள் மூக்கிலும் முழங்கையிலும் நீலம். உருளையை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கமிருந்து இழுத்தால் கோடு விழாது என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் இருவரும் தரையில் உட்கார்ந்து, இவ்வளவு அழகான அறை இந்தத் தெருவிலேயே கிடையாது என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். அந்த ஒரு நாள் அவர் நல்ல தகப்பன்தான், அதில் சந்தேகமே இல்லை. அந்த நாள் அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் அந்தப் பெண்ணால் பிறகு வாயைத் திறக்க முடியவில்லை.

இருமல் இரண்டு மாதத்தில் தொடங்கியது. தலையைத் துவட்டாததால் என்றார். ஐஸ்கிரீமால் என்றார். ஓயாமல் போனைப் பார்ப்பதால் என்றார். போனுக்கும் நுரையீரலுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. தேர்வு பயம் என்றார். கடைசியில், வளர்கிற வயசு என்றார். வளர்கிற வயசில் இருமலா வளரும் என்று மனைவி கேட்டாள். அவர் இருமல் மருந்து வாங்கி வந்தார். அதுவும் ஒரு பூச்சுத்தான், தொண்டைக்கு.

தினமும் காலையில் படியில் பாதி இறங்கி நின்று, ரூம் வசதியாக இருக்கிறதா என்று மகளைக் கேட்பார். "சூப்பர்ப்பா" என்பாள். யாருடைய மகள்? நோட்டு அட்டையில் படிந்த சாம்பல் பொடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் பையில் வைப்பாள். கட்டில் ஓரத்தில் இளநீலத்துக்குள்ளிருந்து கறுப்பு எட்டிப் பார்த்தபோது, அதன்மேல் தேர்வு அட்டவணையைப் பெரிய அட்டையில் எழுதி ஒட்டினாள். கறுப்பு அட்டையைத் தாண்டியதும் இன்னும் பெரிய அட்டை வாங்கினாள். படி ஏறும்போது பாதியில் நின்று, எதையோ மறந்தவள் போல யோசித்துவிட்டு, மூச்சு வந்ததும் மீதியை ஏறுவாள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வாள். தகப்பன் சுவரைப் பூசினார். பெண் தன்னையே பூசிக்கொண்டாள்.

படுக்கை விரிப்பை மாற்றப் போன தாய், ஒரு நாள், அட்டவணை உப்பியிருப்பதைப் பார்த்து அதைத் தூக்கினாள். பின்னால் சுவரே தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. தொட்டாள், கை நனைந்தது. கட்டில், மெத்தை, புத்தகம் எல்லாவற்றையும் அவள் ஒருத்தியே மேலே தூக்கிக்கொண்டு வந்து தையல் மெஷின் பக்கத்தில் போட்டாள். கணவர் வந்ததும், நாளைக்குப் பெண்ணை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், நீங்களும் வருகிறீர்கள் என்றாள். வரமுடியுமா என்று கேட்கவில்லை. அவரும் கிளம்பினார். தான் இல்லாத இடத்தில் சுவரைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு.

டாக்டர் அம்மாள் அதிகம் பேசாதவர். ராத்திரியில் இருமல் உண்டா என்று கேட்டார். அவ்வளவாக இல்லை என்றாள் மகள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? இல்லை. பிறகு டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"தூங்குற ரூம்ல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?"

பூச்சுக்காரர் வாயைத் திறந்தார். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். அப்பா இப்பதான் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கார்."

அவர் சொல்ல இருந்த அதே வார்த்தைகள். அதே ராகம். முடிவில் அந்தச் சின்னச் சிரிப்புகூட அவருடையதுதான். தம் வாயிலிருந்து வந்திருந்தால் அவருக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. மகள் வாயிலிருந்து கேட்டபோது, திறந்த வாயை மூட மறந்து அவளையே பார்த்தார்.

டாக்டர் அவள் முதுகில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு குழாயை எடுத்தார். பக்கத்தில் எண்கள்; நடுவில் நகரும் சின்ன முள். ஊதினால் முள் போய் நிற்கும், எவ்வளவு வேகமாக மூச்சை விட முடிகிறது என்று காட்டும். இந்த உயரத்துக்கு நானூறு வர வேண்டும் என்றார். மகள் ஊதினாள். முள் இருநூற்று நாற்பதில் நின்றது.

"டாக்டர், அந்த மீட்டர்ல ஏதோ…" என்று ஆரம்பித்தார் பூச்சுக்காரர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மீட்டரைக் குறை சொல்லவா இருபத்திரண்டு வருஷம் மீட்டர் பார்த்தார்?

"இருங்க டாக்டர், நான்தான் சரியா ஊதல" என்றாள் மகள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் வர, ஊதினாள். முள் இருநூற்றுப் பத்தில் நின்றது. மூன்றாவது தடவை ஊதக் குழாயை மறுபடி வாயில் வைத்தாள். அப்பாவின் பேச்சைக் காப்பாற்ற இன்னொரு நூற்றுத்தொண்ணூறு அவளுக்குத் தேவைப்பட்டது.

பூச்சுக்காரர் கையை நீட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டார். தொழிற்சாலையில் முள் இறங்கினால் டப்பாவை இன்னொரு தடவை முயற்சி செய் என்று யாரும் சொல்வதில்லை. அது அவருக்குத் தெரியும். அவருக்கு எப்போதும் எல்லாம் தெரியும்.

"போதும்மா" என்றார். பிறகு டாக்டரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்: "ஈரம் இருக்கு டாக்டர். மூணு வருஷமா இருக்கு. எதனாலன்னும் எனக்குத் தெரியும்."

அவர் மனைவி மூன்று வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் அது. அவள் அதைக் கேட்டு மகிழ்ந்தாளா என்றால், இல்லை. மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பாத்தியைத் தோண்டினார். கொத்தனார் வந்து குழாயைச் சாக்கடைக்குத் திருப்பினார். உள்ளே ஊறிப்போன பூச்சையெல்லாம் கொத்தி எடுத்தார். இன்னும் நாலு மாதத்துக்குச் சுவரை அம்மணமாக விட்டுவிட வேண்டும், பிரஷோடு யாரும் கிட்டே போகக் கூடாது என்று எச்சரித்தார். யாரும் என்றபோது ஒருவரை மட்டும் பார்த்தார்.

இத்தோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற பரம்பரை அல்லவா? ஒரு மாதத்தில் அவர் ஈரத்தைப் பற்றித் தெருவுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். சுவரை ஒட்டி மண் போடலாமா, என்ன அறியாமை என்று அடுத்த வீட்டுக்காரரைக் கண்டித்தார். எவனும் கண்டுபிடிக்க முடியாததை நான் கண்டுபிடித்தேன் என்றார். பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி, ஆமாம், அவர்தான் கண்டுபிடித்தார், மூன்று வருஷம்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினாள். நாலாவது மாதம் கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். சுக்காகக் காய்ந்திருந்தது.

மகளும் தேறிவிட்டாள். டாக்டர் மேஜையில் பார்த்தது போலவே ஓர் ஊதுகுழாயை அவர் வாங்கி வந்தார். தினமும் காலையில் அவள் ஊதுவாள், அவர் குனிந்து முள்ளைப் பார்ப்பார். முந்நூறு. முந்நூற்று இருபது. முந்நூற்று அறுபது. இப்போதெல்லாம் அவர் மகளிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்காமலும் இருக்க முடியாமல் ஓரிரு தடவை கேட்டுப் பார்த்தார். கேள்வி முடிவதற்குள், "நல்லாருக்கேன்ப்பா" என்று முகமெல்லாம் சிரிப்பாகப் பதில் வந்தது. நன்றாக இருந்த நாளிலும் அதே பதில். மூச்சுத் திணறிய நாளிலும் அதே பதில். அதனால் அவர் முள்ளைப் பார்க்கிறார். பெற்ற மகளின் வாய் வார்த்தையை நம்ப முடியாமல் ஒரு தகப்பன் குழாயின் முள்ளை நம்புகிறார். சுவர் காய நாலு மாதம் என்று சொன்ன கொத்தனாரிடம், மகளின் சிரிப்புக்குள் இறங்கிய இந்த ஈரம் காய எத்தனை மாதம் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

நல்லவேளை, நாமெல்லாம் அப்படி இல்லை. உங்கள் வீட்டில் நிலவறையே இருக்காது. பிரஷைக் கையால் தொட்டிருக்கமாட்டீர்கள். அதனால் தைரியமாக ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இதைப் படித்து முடித்த கையோடு, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "நான் செஞ்சதுல உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் கொஞ்சம் யோசித்து, தயங்கி, முகத்தைச் சுளித்து எதையாவது சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் பிழைத்தீர்கள். கேள்வியை முடிப்பதற்குள் எல்லோரும் சிரித்த முகத்தோடு, ஒரே குரலில், "ஒண்ணும் இல்லையே" என்று சொன்னால், அய்யா, உங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.